டெலிற்ச் நகரமும் கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் தோற்றமும்

ஐரோப்பியப் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் இலண்டன், மன்செஸ்ரர், பேர்லின் முதலிய பெருநகரங்களையே பெரும்பாலும் மையமாகக் கொள்வர். ஆலைகளும் வங்கிகளும் அங்கேயே குவிந்திருந்தமையால் இஃது இயல்பானதே. ஆயின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே சிறு உற்பத்தியாளரை எதிர்நோக்கிய கடன் பிரச்சினைக்கு நிலையான தீர்வொன்று ஜேர்மனியின் சிறு நகரொன்றிலேயே உருப்பெற்றது. லைப்சிக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவில், லோபர் என்னும் சிற்றாற்றின் அருகே அமைந்துள்ள டெலிற்ச் என்பதே அந்நகராகும். அந்நகரின் சமூக வாழ்வு அத்தீர்வுக்கு எவ்வாறு வழிவகுத்தது என்பதையும், அதே சமூக வாழ்வு அதற்கு எத்தகைய எல்லைகளை விதித்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் வினைஞரும்

டெலிற்ச் மத்திய காலத்து மதிலும் அகழியும் காவற் கோபுரங்களும் இன்றும் எஞ்சியுள்ள ஒரு பழைய நகராகும். நகரின் நடுவே சந்தைச் சதுக்கமும், அதனையடுத்துப் பேதுரு, பவுல் ஆகியோரின் பெயர் தாங்கிய தேவாலயமும், சிற்றரச குடும்பத்தினர் வாழ்ந்த மாளிகையும் அமைந்துள்ளன. சக்சனி அரசுக்கு உட்பட்டிருந்த இந்நகர் 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டின் தீர்மானப்படி பிரஷ்யாவுக்கு உரியதாயிற்று. அக்காலத்தில் இங்கு வாழ்ந்த சில ஆயிரம் மக்களுள் சப்பாத்துத் தைப்போர், தச்சர் முதலிய வினைஞர் முக்கிய இடம் வகித்தனர்.

இவ்வினைஞர் நெடுங்காலமாகத் தொழிற் குழாங்களின் பாதுகாப்பில் வாழ்ந்தவராவர். யார் தொழில் செய்யலாம், எத்தனை பயிலுநரை வைத்திருக்கலாம் என்பவற்றை அக்குழாங்களே தீர்மானித்தன. நோயுற்றவருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவும் கடமையும் அவற்றுக்கிருந்தது. பிரஷ்ய அரசு 1845ஆம் ஆண்டு வெளியிட்ட பொதுத் தொழிற் சட்டம் குழாங்களின் தனியுரிமையைத் தளர்த்தியது. கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட வினைஞன் பாதுகாப்பையும் இழந்தான். ஆலைப் பொருள்களின் போட்டி ஒருபுறமும், தோல், மரம் முதலிய மூலப்பொருள்களைக் கடனுக்குக் கொடுத்து விலையைத் தாமே விதித்த வணிகரின் பிடி மறுபுறமுமாக அவனை நெருக்கின. வங்கியை அவன் நாடவியலவில்லை. ஈடு வைப்பதற்கு அவனிடம் நிலமோ கட்டடமோ இருக்கவில்லை. அவனது சிறு தொகைக் கடன் வங்கிக்கு இலாபமளிப்பதாகவும் இருக்கவில்லை. எனவே வட்டிக்காரரே எஞ்சிய புகலிடமாயினர்.

பஞ்சமும் புரட்சியும்

இந்நிலையிலேயே ஹேர்மன் ஷுல்சே என்பார் முன்வந்தார். 1808ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி டெலிற்ச் நகரிற் பிறந்த இவர், சட்டம் பயின்று 1841 முதல் அங்கேயே நீதிபதியாகப் பணியாற்றினார். வினைஞரின் கடன் வழக்குகளையும் குடும்ப நிலைமைகளையும் நேரில் அறியும் வாய்ப்பு இப்பதவியால் அவருக்குக் கிட்டியது. 1846, 1847ஆம் ஆண்டுகளில் விளைச்சல் குன்றிப் பஞ்சம் ஏற்பட்டபோது, அவர் நகர மக்களைக் கொண்டு நிவாரணக் குழுவொன்றை அமைத்து, ஆலையொன்றையும் வெதுப்பகமொன்றையும் குத்தகைக்குப் பெற்று, பாண் தயாரித்து வழங்கினார்.

1848ஆம் ஆண்டுப் புரட்சி அவரைப் பேர்லினில் கூடிய பிரஷ்யத் தேசிய மன்றத்துக்கு உறுப்பினராக்கியது. ஷுல்சே என்ற பெயருடையோர் பலர் அங்கிருந்தமையால் ஊர்ப்பெயரும் சேர்த்து ஷுல்சே-டெலிற்ச் என அவர் அழைக்கப்படலானார். வினைஞரும் தொழிலாளரும் அனுப்பிய மனுக்களை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். பழைய குழாங்களை மீளவும் நிறுவுமாறு கோரிய வினைஞர் பலராவர். அதனை அவர் ஏற்கவில்லை. சட்டத்தாற் பிணைக்கப்பட்ட குழாத்தின் இடத்தைத் தாமாக விரும்பிச் சேரும் சங்கமே நிரப்பவேண்டும் என்பது அவரது முடிபாயிற்று.

சங்கங்களின் தோற்றம்

புரட்சி தோல்வியுற்றபின் ஊர் திரும்பிய ஷுல்சே 1849ஆம் ஆண்டிலே நோயுற்றோருக்கும் இறந்தோருக்குமான உதவி நிதியொன்றை அமைத்தார். அதே ஆண்டில் தச்சருக்கும் சப்பாத்துத் தைப்போருக்கும் மூலப்பொருட் சங்கங்கள் தோன்றின. சங்கம் உறுப்பினர் அனைவரது கூட்டுப் பொறுப்பிற் கடன் பெற்றுத் தோலை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. அடக்க விலையோடு சிறு தொகையைச் சேர்த்து உறுப்பினருக்கு விற்றது. தனியொருவனுக்குக் கிடையாத மொத்த விலையும் தவணையும் இவ்வாறு பலருக்குக் கிடைத்தன.

1850ஆம் ஆண்டில் முற்பணச் சங்கம் எனப்பட்ட கடன் சங்கம் தோன்றியது. இதன் தொடக்கநிலைக் குறைபாடு கவனத்துக்குரியது. செல்வர் அளித்த நன்கொடைகளும் வட்டியில்லாக் கடன்களுமே அதன் ஆரம்ப நிதியாயின. கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமுமாக நின்ற அவ்வமைப்பு பழைய தருமத்தின் வேறொரு வடிவமே எனலாம். வரி மறுப்புத் தீர்மானத்தை ஆதரித்தமைக்காகத் தொடரப்பட்ட வழக்கிலிருந்து 1850இல் விடுதலையான ஷுல்சே, போசன் மாகாணத்து வ்ரெஷன் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். 1851இல் பதவியைத் துறந்து அவர் மீண்டபோது டெலிற்ச் சங்கம் தளர்ந்திருந்தது. ஆனால் அண்டை நகரான ஐலன்பூர்க்கில் மருத்துவர் பேர்ண்ஹார்டி முதலியோர் 1850இல் அமைத்த சங்கமோ செழித்திருந்தது. கடன் பெறுவோரே அதன் உறுப்பினராகவும் பொறுப்பாளிகளாகவும் இருந்தமையே இதற்குக் காரணமாகும். 1852ஆம் ஆண்டில் டெலிற்ச் சங்கமும் அம்முறையைத் தழுவித் திருத்தியமைக்கப்பட்டது.

அறிமுகம் பிணையான முறை

திருத்தப்பட்ட சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் நுழைவுக் கட்டணம் செலுத்தி, மாதந்தோறும் சிறு தொகையைத் தமது பங்குக்கெனச் சேமித்தனர். கடன் குறுகிய தவணைக்கே வழங்கப்பட்டது. வட்டியிலிருந்து கிடைத்த இலாபத்தின் ஒரு பகுதி ஒதுக்க நிதிக்கும் எஞ்சியது பங்குகளுக்கும் சென்றது. நிருவாகிகளைப் பொதுக்கூட்டமே தெரிவு செய்தது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அமைந்தது வரையறையற்ற கூட்டுப் பொறுப்பாகும். சங்கம் பட்ட கடனுக்கு ஒவ்வோர் உறுப்பினரும் தமது உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பேற்றனர்.

தனித்தனியே நம்பப்படாத வறிய வினைஞர் ஒன்றுசேர்ந்ததும் நம்பத்தக்கவரானது எவ்வாறு என்ற வினா இங்கு எழும். நகரின் சிறுமையிலேயே இதற்கான விடை தங்கியிருந்தது. ஒரே தெருவில் தொழில் செய்து, ஒரே சந்தையில் விற்று, ஒரே தேவாலயத்தில் வழிபட்ட மக்களுக்கு, யார் உழைப்பாளி, யார் குடியர், யாருடைய பட்டறையில் வேலை குறைந்துள்ளது என்பன தெரிந்தேயிருந்தன. பெருநகர வங்கி பெருஞ் செலவு செய்தும் பெறவியலாத இத்தகவலைச் சங்கம் செலவின்றிப் பெற்றது. ஒருவர் கடனைத் தவறவிடின் இழப்பு அயலவர் தலையிலேயே விழும் என்ற நிலை, ஒருவரையொருவர் கண்காணிக்கவும் தூண்டியது. ஆகவே அறிமுகமே அங்கு ஈடாக அமைந்தது.

எல்லைகளும் விமரிசனமும்

இம்முறையின் வலிமையிலேயே அதன் குறைபாடும் அடங்கியிருந்தது. மாதச் சந்தா செலுத்தவும் அயலவரின் நம்பிக்கையைப் பெறவும் இயன்றவருக்கே சங்கத்திற் சேர வழியிருந்தது. சொந்தப் பட்டறையுடைய வினைஞனுக்குப் பயன்பட்ட கடன், கூலியொன்றையே நம்பி வாழ்ந்த ஆலைத் தொழிலாளிக்கு அதே அளவிற் பயன்படவில்லை. பேர்டினண்ட் லசால் 1863, 1864ஆம் ஆண்டுகளில் ஷுல்சேயை வன்மையாகத் தாக்கியது இவ்வடிப்படையிலேயே ஆகும். அரசின் நிதியுதவியோடு தொழிலாளரே உற்பத்திச் சங்கங்களை அமைக்கவேண்டும் என்று லசால் வாதிட்டார். அரசு கொடுக்கும் பணத்துடன் அரசின் கட்டளையும் வரும் என்பது ஷுல்சே தரப்பின் அச்சமாகும். லசாலின் விமரிசனத்தில் உண்மையுண்டு. ஷுல்சேயின் அச்சமும் ஆதாரமற்றதன்று.

நாட்டுப்புற விவசாயிக்கும் இம்முறை முற்றாகப் பொருந்தவில்லை. அறுவடை வரை காத்திருக்கவேண்டிய அவனுக்கு நீண்ட தவணை தேவைப்பட்டது. ரைன் நதிப் பிரதேசத்தில் ஊர்த் தலைவராக இருந்த பிரீட்ரிக் வில்லெம் ரைபைசன், ஒரு திருச்சபைப் பங்கை எல்லையாகக் கொண்டு, ஊதியம் பெறாத நிருவாகிகளுடன், நீண்ட தவணைக் கடன் வழங்கும் சங்கங்களை 1860களில் அமைத்தார். இருமுறையாருக்குமிடையே கடும் விவாதம் நிகழ்ந்தபோதிலும், அறிமுகமுள்ளோரின் கூட்டுப் பொறுப்பு என்பது இரண்டுக்கும் பொதுவாயிருந்தது.

சங்கங்கள் பெருகியபோது அறிமுகம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. சங்கத்தைச் சட்டம் தனியாளாக ஏற்காமையால் வழக்குத் தொடுத்தலும் சொத்து வைத்திருத்தலும் கடினமாயின. ஷுல்சேயின் முயற்சியால் 1867ஆம் ஆண்டு பிரஷ்யக் கூட்டுறவுச் சட்டம் நிறைவேறியது. அவர் 1883இல் பொற்ஸ்டாம் நகரில் மறைந்தபின், 1889ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த பொறுப்பை அனுமதித்து, வெளியார் கணக்காய்வைக் கட்டாயமாக்கியது. அயலவரின் கண்காணிப்பு செய்த பணியின் ஒரு பகுதியைக் கணக்காய்வாளர் இவ்வாறு ஏற்றனர்.

பிற்கால நிலை

இவ்வியக்கம் நமது பிரதேசத்தையும் அடைந்தது. சென்னை மாகாண அதிகாரியான பிரெடெரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கை ரைபைசன் முறையைச் சிறப்பாக ஆதரித்தது. இந்தியாவில் 1904இலும் இலங்கையில் 1911இலும் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஜேர்மனியில் சங்கம் முன்னும் சட்டம் பின்னுமாக அமைய, இங்கு சட்டமும் பதிவாளரும் முன்னே வந்தமை குறிப்பிடத்தக்க வேறுபாடாகும்.

டெலிற்ச் நகரோ இரு உலகப் போர்களையும், 1949 முதல் 1990 வரை கிழக்கு ஜேர்மன் அரசின் ஆட்சியையும் கடந்து இன்று சக்சனி மாநிலத்தின் ஒரு நகராக விளங்குகின்றது. அண்மையிலிருந்த பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, அதன் பள்ளங்கள் ஏரிகளாகியுள்ளன. ஷுல்சேயின் பணியை விளக்கும் கூட்டுறவு நூதனசாலையொன்றும் நகரில் உள்ளது. கூட்டுறவுக் கருத்தும் நடைமுறையும், ஜேர்மனியின் முன்மொழிவின்பேரில், 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

டெலிற்ச் வரலாற்றைத் தனியொரு பெரியாரின் சாதனையாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. ஷுல்சே அங்கில்லாதபோது நன்கொடைச் சங்கம் தளர்ந்தமையும், அவர் நடத்தாத ஐலன்பூர்க் சங்கம் செழித்தமையும் இதனை உணர்த்துகின்றன. கடன் பெறுவோரே தமது பணத்துக்கும் தீர்மானத்துக்கும் பொறுப்பேற்ற இடத்திலேயே சங்கம் நிலைபெற்றது. கூட்டுறவு இயக்கங்களின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்வோர், அவற்றின் சட்டத்தையும் நிதியையும் நோக்குவதோடு, உறுப்பினரிடம் உண்மையில் எவ்வளவு பொறுப்பு இருந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.