ஆணையும் தடையும்: குளத்துக் கெண்டை காட்டும் இனப்பெருக்கக் கட்டுப்பாடு

முதுகெலும்பிகளின் இனப்பெருக்கத்தை விளக்கும் பாடநூல் படங்களில் அம்புக்குறிகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. ஹைபோதலாமஸ் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் தூண்டலால் பிட்யூட்டரி எஃப்எஸ்எச், எல்எச் ஆகிய இரு கொனடோட்ரோபின்களையும் வெளியிடுகிறது. அவை சூலகத்தையும் விந்தகத்தையும் இயக்குகின்றன. இதில் தவறில்லை, குறை உண்டு. சுரக்கச் சொல்லும் ஆணையோடு சுரக்கவிடாத தடையும் சேர்ந்தே இயங்குகிறது. பல இனங்களில் முட்டையிடும் வேளையைத் தீர்மானிப்பது அந்தத் தடை விலகுவதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகள் பருவமழை வெள்ளத்தில் ஆற்றில் முட்டையிடுபவை. குளத்தில் வளர்த்தால் பெண்மீனின் வயிறு சினையால் பருக்கும்; முட்டை மட்டும் வெளிவராது. சூலகத்தின் எஸ்ட்ராடையால் கல்லீரலைத் தூண்ட, அங்கு உருவாகும் வைட்டெல்லோஜெனின் இரத்தவழியே வந்து முட்டைகளில் கருவுணவாகச் சேர்கிறது. இதுவரை குளத்திலும் குறைவின்றி நடக்கிறது. அடுத்த கட்டம்தான் நின்றுபோகிறது. எல்எச் திடீரென உயர வேண்டும். அதனால் முட்டையைச் சூழ்ந்த செல்கள் முதிர்ச்சி ஸ்டீராய்டைச் சுரக்க வேண்டும். உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து அதன் உறை கரைய வேண்டும். பிறகே முட்டை நுண்பையை விட்டு வெளியேறும்.

பிட்யூட்டரிச் சாறு மீனின் இனப்பெருக்கத்தை முடுக்கும் என்பதை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே 1930-இல் காட்டியிருந்தார். இந்தியப் பெருங்கெண்டைகளில் இம்முறையை 1957-இல் ஒடிசாவில் வெற்றியாக்கியவர் ஹீராலால் சௌதுரி. முதிர்ந்த மீன்களின் பிட்யூட்டரியை எடுத்து ஆல்கஹாலில் பாதுகாத்து, அரைத்து, சினைமீனின் தசையில் செலுத்தும் எளிய முறை இது. பெண்மீனுக்குச் சில மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி. ஆணுக்கு இரண்டாவது ஊசியின்போது ஒன்று. ஆற்றில் குஞ்சு பிடித்துவந்து விற்றவர்களை நம்பியிருந்த மீன்வளர்ப்புக்கு இது தந்த விடுதலை பெரிது. உடலியங்கியலுக்கு அது தந்த செய்தி இன்னும் கூர்மையானது: சூலகத்தில் குறையேதுமில்லை, தடங்கல் அதற்கு மேலே இருக்கிறது. ஆனால் ஆணை வராததா, தடை விலகாததா என்பதை இந்த ஊசி சொல்லாது. மூளையைத் தாண்டிப்போய் எல்எச்சை நேரே இரத்தத்தில் சேர்ப்பதல்லவா அது!

விடை தங்கமீனில் கிடைத்தது. கனடாவில் ரிச்சர்ட் பீட்டரும் உடனுழைத்தவர்களும் அதன் மூளையில் குறிப்பிட்ட பகுதிகளைச் சிதைத்தபோது, எல்எச் உயர்ந்து முட்டை வெளியேறியது. சிதைத்ததால் சுரப்பு கூடியதென்றால், சிதைந்தது ஒரு தடையாகத்தான் இருக்க முடியும். அந்தத் தடையைச் செலுத்துவது டோபமின். பீட்டரும் சீனாவின் லின் ஹாவ்ரானும் இதிலிருந்தே புதிய ஊசியை வகுத்தனர். கெண்டையினங்களில் ஜிஎன்ஆர்எச் ஒப்புப்பொருளைத் தனியே செலுத்தினால் விளைவு மெலிது. டோபமினை முடக்கும் டாம்பெரிடோனைச் சேர்த்தால் வலிது. வாந்தியை நிறுத்த மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே டாம்பெரிடோன்தான். மீன்குஞ்சுப் பொரிப்பகங்கள் இன்று பயன்படுத்தும் ஓவாப்ரிம் இக்கலவையே.

டோபமின் தடை எல்லா மீன்களுக்கும் பொதுவன்று என்று மறுக்கலாம். உண்மைதான், கடல்வாழ் மீன்கள் பலவற்றில் அதன் பங்கு அற்பம். எனினும் தடை என்ற ஏற்பாடு மீனோடு முடிவதில்லை. குளிர்நாட்டுப் பெண் செம்மறியில், இனப்பெருக்கம் ஓய்ந்திருக்கும் பருவத்தில் எஸ்ட்ராடையால் டோபமின் நரம்புகளை முடுக்கி ஜிஎன்ஆர்எச் துடிப்புகளை அடக்குகிறது. பறவைகளுக்கும் ஒரு சான்று உண்டு: காடையின் மூளையிலிருந்து கசுயோஷி சுட்சுய் குழுவினர் 2000-இல் பிரித்தெடுத்த ஹார்மோனின் பெயரே ஜிஎன்ஐஎச், அதாவது கொனடோட்ரோபின் தடுப்பு ஹார்மோன். தடுக்கும் பொருள் இனத்துக்கு இனம் மாறலாம். தடுப்பு என்னும் உத்தி மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஆணையின் தனியாட்சியை இன்னும் ஆழமாக ஐயுற வைப்பது வரிக்குதிரை மீன். அதில் ஜிஎன்ஆர்எச் ஆணையைத் தரும் ஜிஎன்ஆர்எச்-3 மரபணுவை நீக்கிய மீன்களும் இனம் பெருக்குகின்றன. எல்எச் மரபணுவை நீக்கிய பெண்மீன்களோ முட்டையை வெளியேற்ற முடியாமல் மலடாகின்றன.