மாரண்டஅள்ளியிலிருந்து பையப்பனஹள்ளிக்கு

தெரியாத நகரத்துக்குத் தனியாகப் போகிறவனுக்கு முதல் பேச்சுத்துணை பெயர்ப்பலகைதான். கூட ஆள் இருந்தால் பேச்சு ஓடும், பலகை கண்ணில் படாது. ஜன்னலோரத்தில் ஒற்றையாக உட்கார்ந்தவனோ கடைப் பெயர், தெருப் பெயர், எதிரே வரும் பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர் என்று எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிக்கொண்டே போவான். தப்பான நிறுத்தத்தில் இறங்கினாலும் திட்ட ஆளில்லை. தருமபுரிக்காரர்களுக்குப் பெங்களூரு அப்படியொரு நகரம். தொலைவு சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனால் மொழி வேறு, எழுத்து வேறு. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். வேலை எதுவும் இல்லாமல் ஊர் சுற்ற மட்டும் போகிறேன் என்று சொன்னால்தான் வீட்டில் "தனியாவா?" என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்படிச் சுற்றும்போது ஒரு பெயரொட்டு விடாமல் எதிர்ப்படும். பொம்மனஹள்ளி, மாரத்தஹள்ளி, பையப்பனஹள்ளி. கன்னடம் வாசிக்கத் தெரியாதவனுக்கும் சீக்கிரமே அதன் உருவம் பிடிபட்டுவிடும். ஹ-வை அடுத்து ஒரு ளி, அதன் காலடியில் ஒட்டிக்கொண்ட இன்னொரு குட்டி ள. இந்த உருவத்தில் முடிந்தால் அது ஏதோ ஒரு 'ஹள்ளி', அதாவது சிற்றூர். கண்ணாடி மாளிகைகளும் மேம்பாலமுமாக நிற்கும் இடங்கள் எல்லாம் நேற்றுவரை கேழ்வரகு விளைந்த கிராமங்கள் என்பதைப் பலகை மறைப்பதில்லை.

தருமபுரிக்காரனுக்கு இதில் இன்னொரு சங்கதி உண்டு. இந்த ஒட்டை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். மாரண்டஅள்ளி, எர்ரனஅள்ளி, பிக்கனஅள்ளி, ஜெட்டிஅள்ளி என்று மாவட்டம் முழுக்க அள்ளிகள்தான். சேலத்திலிருந்து பெங்களூரு போகும் ரயில் பாதை தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, ஓசூர் என்று ஏறிப் போய், பையப்பனஹள்ளியில் சென்னைப் பாதையோடு சேருகிறது. ஓர் அள்ளியில் ஏறி ஒரு ஹள்ளியில் இறங்கலாம்.

'அள்ளி' என்ற சொல்லுக்குக் கையால் அள்ளுவதோடு தொடர்பில்லை, குளத்து அல்லியோடும் இல்லை. வேர் 'பள்ளி'. படுக்கும் இடம், தங்கும் இடம், அதிலிருந்து குடியிருப்பு, சிற்றூர். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகையில், கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டிய தமிழி எழுத்தில், சமணத் துறவியின் உறைவிடத்துக்கு இந்தச் சொல் வருகிறது. துறவிகள் தங்கிய இடத்தில் பாடம் நடந்தது, பிள்ளைகள் போகும் பள்ளிக்கூடமும் அங்கிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. திருச்சிராப்பள்ளி, கேரளத்துக் கருநாகப்பள்ளி, ஆந்திரத்து மதனபல்லெ எல்லாம் ஒரே குடும்பம். தருமபுரிக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் நல்லம்பள்ளி 'ப' கெடாமல் நிற்கிறது. வடமேற்கே போகப் போக அள்ளிகள்.

இடையில் நடந்தது ஒலி மாற்றம். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற ப, ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டு தொட்டுச் சில நூற்றாண்டுகளில் ஹ ஆனது. பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூவு, பாம்பு ஹாவு, பன்றி ஹந்தி. இந்த ஒரு சாவி கையில் இருந்தால் பெங்களூரின் பால் கடைப் பலகையும் பூக்கடைப் பலகையும் பாதி திறந்துவிடும்.

மாற்றத்துக்கு முந்தைய நிலைக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம், தருமபுரியிலேயே இருக்கிறது. ஊர் அப்போது தகடூர். அதியமானின் தகடூர்தான், ஆனால் ஆட்சி நுளம்பர்களுடையது. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்து, பொ.ஆ. 893ஆம் ஆண்டின் கன்னடக் கல்வெட்டு ஒன்று, நிதியண்ணன், சண்டியண்ணன் என்ற வணிக உடன்பிறப்புகள் தகடூரில் சமணக் கோயில் கட்டியதைச் சொல்கிறது. அதன் பராமரிப்புக்கு நிதியண்ணன் கொடுத்த ஊரின் பெயர் மூலபள்ளி. ஹள்ளி அல்ல, பள்ளி. அப்போது கன்னடத்திலும் ப உயிரோடுதான் இருந்திருக்கிறது.

பிறகு ஹ வந்தது. ஹொய்சளர், விஜயநகரத்தார், மைசூர்க்காரர்கள் என்று ஆட்சிகள் மாறி, திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரி அடங்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போகும்வரை, இந்தப் பக்கத்தில் கன்னடத்தின் பேச்சு பலமாகவே கேட்டது. தமிழ் நாக்குக்கோ ஹ பழக்கமில்லை. எடுத்து எறிந்துவிட்டது. ஹொகெ என்றால் புகை. புகை எழும் கல் ஹொகேனகல்லு, நம் வாயில் ஒகேனக்கல். ஹொச ஊரு என்றால் புது ஊர், நம் வாயில் ஓசூர். 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த அந்த ஓசூர், வேறெங்காவது பிறந்திருந்தால் புதூராகவோ புத்தூராகவோ இருந்திருக்கும். ஹள்ளி அப்படித்தான் அள்ளி ஆனது. ப போய் ஹ வந்து, ஹ-வும் போன பின் மிஞ்சியது.

போன எழுத்து விட்ட குழியை இன்றும் கண்ணால் பார்க்கலாம். 'மாரண்டஅள்ளி' என்று எழுதிப் பாருங்கள். இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தமிழ்ப் புணர்ச்சி இதைப் பொறுக்காது, நடுவில் ஒரு வ் போட்டு 'மாரண்டவள்ளி' ஆக்கியிருக்க வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. ஹ இருந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ஹ தன் நாற்காலியில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் நிற்கும் 'அ'வும் சும்மா இல்லை. பையப்பன ஹள்ளி என்றால் பையப்பனுடைய ஊர், பிக்கன அள்ளி என்றால் பிக்கனுடைய ஊர். கன்னடத்தின் ஆறாம் வேற்றுமை அது. நன்னூல் சொல்லும் ஆறாம் வேற்றுமை உருபுகளில் ஒன்றும் இந்த 'அ'தான். ஆகவே இந்த ஊர்ப்பெயர்களை 'நல்ல தமிழ்' ஆக்குகிறேன் பேர்வழி என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். திருத்துவதற்கு அங்கே பிழை எதுவும் இல்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. இங்கிலாந்தின் டெர்பி, விட்பி ஆகிய ஊர்களின் கடைசியில் நிற்கும் 'பி', டேனிஷ்காரர்கள் விட்டுப்போன சொல், 'ஊர்' என்று பொருள். அங்கிருந்து ஒருவர் கோபன்ஹேகனைத் தனியாகச் சுற்றக் கிளம்பி, வடக்கே லிங்பி என்ற பலகையைப் பார்த்தால் அவருக்கும் புருவம் உயரும்.

பெங்களூரில் இரண்டாவது சாவியும் உண்டு: தமிழின் வ அங்கே பல சொற்களில் ப. வேர் பேரு ஆகும், வாய் பாயி, வெள்ளி பெள்ளி. ஓசூர்ச் சாலை வழியாக நகருக்குள் நுழையும்போது வரும் மடிவாளாவில் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஊரை வெங்களூர் என்கிறது, பக்கத்துப் பேகூரை வேப்பூர் என்கிறது. பேகூர் நாகேசுவரர் கோயிலில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னட நடுகல்லோ பெங்களூருச் சண்டை ஒன்றைக் குறிக்கிறது. ஹொய்சள மன்னன் வீர பல்லாளனுக்கு ஒரு கிழவி வெந்த பயறு கொடுத்தாள், 'பெந்த காளூரு' பெங்களூரு ஆயிற்று என்ற கதையை ஆட்டோக்காரர் முதல் வழிகாட்டிப் புத்தகம் வரை எல்லோரும் சொல்வார்கள். கதை சுவையானதுதான். ஆனால் பல்லாளன் பிறப்பதற்கு முன்பே கல்லில் அந்தப் பெயர் ஏறிவிட்டது. கதையைக் கேட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பேகூருக்கு எந்தப் பேருந்து என்று விசாரியுங்கள்.