விற்பனைக் கூடத்துச் சிறு வண்டிகள்

மோட்டார் கார் விற்கும் கூடத்துக்குள் ஒரு தந்தை நுழைகிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மகனும் வருகிறான். தந்தை விலையையும் தவணையையும் விசாரித்துக்கொண்டிருக்கையில், அதே காரின் சிறிய உலோக உருவம் ஒன்றை விற்பனையாளர் சிறுவனிடம் நீட்டுகிறார். பெரிய வண்டி சில ஆண்டுகளில் பழைய இரும்பாகப் போய்விடுகிறது. சிறிய வண்டியோ அலமாரியில் நிலைத்துவிடுகிறது. விளம்பரத்துக்காகப் பிறந்த பொம்மை சரித்திரச் சான்றாக மாறிய விதத்தை இன்று சிறிது ஆராய்வோம்.

இம்முறைக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமானவர் பிரான்ஸ் தேசத்து ஆந்த்ரே சித்ரோவன். 1925-ஆம் ஆண்டில் ஐபெல் கோபுரத்திலேயே தம் பெயரை மின்விளக்குகளால் எழுதிக் காட்டியவர் அவர். அதற்கும் முன்பே, 1923-இல், தம் கார்களின் சிறு உருவங்களைத் தகரத்தில் செய்து விற்கத் தொடங்கினார். இன்றைய குழந்தையே நாளைய வாடிக்கைக்காரன் என்பது அவர் கண்ட வியாபார உண்மை.

தகரத்தை மடித்துச் செய்யும் உருவத்தில் நுட்பமான வளைவுகளைக் கொண்டுவருவது கடினம். அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தார் வேறு வழியைக் கையாண்டனர். உருகிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்ப்பதே அது. அந்நகரத்து நேஷனல் பிராடக்ட்ஸ் கம்பெனி 1934-இல் ஸ்டூடிபேக்கர் காரை இவ்வாறு சிறு உருவமாக வார்த்தது. அதே ஆண்டு அங்கு நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஸ்டூடிபேக்கர் நிறுவனத்தார் 80 அடி நீளமுள்ள பிரம்மாண்டமான கார் உருவத்தை நிறுத்தியிருந்தனர். அந்தப் பேருருவம் கண்காட்சியோடு மறைந்தது. வார்ப்பு வண்டிகளை இன்றும் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சிக்காகோவின் பான்த்ரிகோ நிறுவனம் இத்தொழிலைத் தொடர்ந்தது. அதன் வண்டிகள் பலவற்றின் அடியில் காசு போடும் துவாரம் இருந்தது. உண்டியலும் அதுவே, காரும் அதுவே. அசல் கார்களின் வர்ணங்களையே இவற்றுக்கும் பூசினார்கள். 1948-இல் தோன்றிய அலுமினியம் மாடல் டாய்ஸ் நிறுவனம், பெயருக்கேற்ப முதலில் உலோகத்தைக் கையாண்டது. விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறி, ஏ.எம்.டி. என்ற மூன்றெழுத்துப் பெயரால் புகழ்பெற்றது. அசலில் 25-இல் ஒரு பங்கு என்ற அளவு அதன் பின் வழக்கமாயிற்று.

இவற்றைச் சேர்த்து வைப்பவருக்குக் காலமே பெரும் பகை. வார்ப்புக்கு உதவும் துத்தநாகத்தில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் போதும்; உலோகம் உள்ளூர அரிக்கப்பட்டு, வீங்கி, வெடித்து, முடிவில் பொடியாக உதிரும். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி உருவாக்கிய ஜமாக் என்ற கலப்புலோகம் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு இக்குறையைப் போக்க முயன்றது. ஆனால் வார்ப்புச் சாலையில் தூய்மை தவறிய இடமெல்லாம் நோய் திரும்பியது. பிளாஸ்டிக்கும் தப்பவில்லை. தொடக்கத்தில் பயன்பட்ட அசிடேட் வகை நாளடைவில் முறுக்கிக்கொண்டு, கூரை குழிந்து, தன் வடிவத்தை இழந்தது.

ஆகவே, பழுதுபட்ட வண்டியைக் கண்டதும் புது வர்ணம் பூசிப் பளபளப்பாக்கும் ஆசை எழுவது இயல்பே. அனுபவம் மிக்க சேகரிப்பாளர் அவ்வாசையை அடக்கிக்கொள்கிறார். ஏன்? அந்தப் பழைய பூச்சுதான், ஓர் ஆண்டில் ஒரு நிறுவனம் தன் காரை எந்த நிறத்தில் உலகுக்குக் காட்ட விரும்பியது என்பதைச் சொல்லும் சாட்சி. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அதைச் சொல்லாது. புதுப் பூச்சு வண்டியை அழகாக்கும், சாட்சியை ஊமையாக்கிவிடும்.

1934-இல் முன்னோடியாக நின்ற ஸ்டூடிபேக்கர், 1966-இல் கார் உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டது. வாங்குவோரைக் கூடத்துக்கு அழைக்கவே செய்யப்பட்ட அந்தச் சிறு வண்டி, கூடமும் கம்பெனியும் மறைந்த பின்னும் எஞ்சி நிற்கிறது. விற்கப் பிறந்தது, இன்று நினைவூட்டுகிறது. அதன் கீறல்களையும் மங்கிய வர்ணத்தையும் அப்படியே பேணுவதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.