ஆங்கிள் கிரைண்டர்

உலோகத்தையும் கல்லையும் வெட்டவும், வெல்டிங் மேட்டைத் தேய்த்துச் சமன்செய்யவும் பயன்படும் கை மின்கருவி. மோட்டாரின் சுழற்சியைக் கூம்புப் பற்சக்கரங்கள் செங்கோணத்தில் திருப்பித் தட்டுக்குத் தருகின்றன. இதன் அதிவேக வகையை ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954இல் கொண்டுவந்தது.

ஆபத்து பெரும்பாலும் தட்டில்தான். பிசினால் பிணைத்த தட்டுகளின் விளிம்பு வேகத்துக்குப் பொதுவான வரம்பு விநாடிக்கு 80 மீட்டர். மணிக்கு 288 கி.மீ. 125 மி.மீ. தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,200 சுற்றில் அந்த வரம்பைத் தொடும்; 230 மி.மீ. தட்டோ 6,650 சுற்றிலேயே தொட்டுவிடும். காப்பு மூடியைக் கழற்றிச் சிறிய கருவியில் பெரிய தட்டை மாட்டுவது, பட்டறைகளில் எவ்வளவு சகஜமானாலும், தட்டு சிதற நேர்வழி. வெட்டும் தட்டின் பக்கவாட்டில் தேய்ப்பதும் அப்படியே. ஈரத்திலும் நாளடைவிலும் பிசின் வலுவிழக்கும் என்பதால், நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருக்கும். அதைப் பார்த்து வாங்குவோர் குறைவு.

தட்டு வெட்டில் சிக்கினால் கருவி எதிர்த்து உதைக்கும். ஆகவே துணைக் கைப்பிடியையும் சேர்த்து இரு கைகளாலும் பிடித்து, தட்டு சுழலும் தளத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்; துண்டு, தளர்ந்த கைச்சட்டை ஆகாது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே தட்டு மாற்ற வேண்டும். காற்றுத் துளைகளில் படியும் உலோகத்தூள் மோட்டாரைச் சூடாக்குவதோடு மின்கசிவுக்கும் இடம்தரும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் உள்ளே தீப்பொறி கூடும். இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம்.