மயூர்கா தீவு: வாய்க்கால் வெட்டியவர்களும் விடுதி கட்டியவர்களும்

அந்தலூஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவை குர்துபாவின் பள்ளிவாசலும் கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகையுமே. அந்தலூஸின் கிழக்கே, மத்தியதரைக் கடலின் நடுவே, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முஸ்லிம்கள் வாழ்ந்த ஒரு தீவு இருந்ததை நம்மில் பலர் அறிவதில்லை. அரபியர் அதனை மயூர்கா என்றழைத்தனர். இன்று மயோர்க்கா என்னும் பெயரில் உலகமே அறிந்த கடற்கரைச் சுற்றுலாத் தலமாக அது விளங்குகிறது.

விளங்குகிறது என்பதைவிடத் திணறுகிறது என்பதே பொருந்தும். கடற்கரையைக் கட்டடங்களால் நிரப்பிச் சீரழிப்பதைக் குறிக்க ஸ்பானிய மொழியில் ‘பலேரிகமயமாதல்’ என்றொரு சொல்லே பிறந்துவிட்டது. மயோர்க்கா உள்ளிட்ட பலேரிக் தீவுக்கூட்டத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. ஒரு நிலத்தின் பெயரே அழிவுக்கு உவமையானது எவ்வாறு என்பதை வரலாற்றின் வழியே காண்போம். இழந்த ஆட்சியை எண்ணி அழுவது நம் நோக்கமன்று. ஒரே மண்ணில் இரு காலத்து மனிதர்கள் நீரையும் நிலத்தையும் எவ்வாறு கையாண்டனர் என்பதை ஒப்பிட்டுப் படிப்பினை பெறுவதே நோக்கம்.

ஹஜ் பயணியும் ஒரு புயலும்

இத்தீவு இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்த வரலாற்றை இப்னு கல்தூன் பதிவு செய்துள்ளார். இஸாம் அல்-கவ்லானி என்பவர் ஹஜ் கடமையை நிறைவேற்றக் கப்பலேறினார். புயல் அக்கப்பலை மயூர்காவில் ஒதுக்கியது. அங்குத் தங்கியிருந்த நாள்களில் அவர் தீவின் நிலையை நன்கறிந்துகொண்டார். ஊர் திரும்பியதும் குர்துபாவின் அமீர் அப்துல்லாஹ்விடம் எடுத்துரைத்தார். அமீர் கப்பற்படை அனுப்ப, கி.பி. 902-ல் தீவு வெல்லப்பட்டது. இஸாமே அதன் ஆளுநரானார். பள்ளிவாசல்களும் குளியல் இல்லங்களும் வணிகர் சத்திரங்களும் எழுந்தன. இன்றைய பால்மா நகரமே அன்றைய மதீனத்து மயூர்கா.

நீரை எண்ணி வாழ்ந்த மக்கள்

மயோர்க்காவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மட்டும் காட்டாறுகள் பாயும். கோடையில் ஊற்றும் கிணறும் மழைநீர்த் தொட்டியுமே கதி. அங்குக் குடியேறிய அரபியரும் பர்பர் குலத்தவரும் வறண்ட நிலத்தில் வாழப் பழகியவர்கள். மலையடிவாரத்தில் கனாத் எனப்படும் நிலத்தடிச் சுரங்கக் கால்வாய்களை வெட்டினர். சரிவுகளைக் கல்சுவர் கட்டிப் படிக்கட்டு வயல்களாக்கினர். ஊற்றிலிருந்து புறப்படும் நீர் மாவாலைகளைச் சுழற்றும், தொட்டிகளில் சேரும், முறை வைத்துத் தோட்டங்களுக்குப் பாயும்.

அந்த அறிவின் தடம் இன்றும் அத்தீவு மக்களின் நாவில் உள்ளது. வாய்க்காலைக் குறிக்கும் ‘சேகியா’ அரபியின் ஸாகியாதான். நீரிறைக்கும் சக்கரமான ‘நோரியா’ நாஊராவிலிருந்து வந்தது. நீர்த்தொட்டியான ‘அல்ஜுப்’ அப்படியே அரபிச் சொல். பினிசலேம், பினியாலி என ‘பினி’யில் தொடங்கும் ஊர்ப்பெயர்கள், பனூ அல்லது பனீ என்று தம்மை அழைத்துக்கொண்ட குலங்களின் குடியிருப்புகளைச் சுட்டுபவை.

மயோர்க்காவிலேயே பிறந்த வரலாற்றாசிரியர் மிகெல் பார்சலோ இந்த நீர்ப்பாசன அமைப்புகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவரும் அவரது குழுவினரும் கண்டறிந்த ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஊற்று எவ்வளவு தருமோ அதற்கேற்பவே வாய்க்காலும் தோட்டமும் தொடக்கத்திலேயே அளந்து அமைக்கப்பட்டன. மக்கள்தொகை பெருகியபோது அந்த அமைப்பை மேன்மேலும் இழுத்து நீட்டவில்லை. குலத்தில் ஒரு பிரிவினர் வெளியேறி வேறோர் ஊற்றைத் தேடிக் குடியமர்ந்தனர். நீருக்கு எல்லை உண்டு என்பதை அவர்கள் கணக்கிட்டே வாழ்ந்தனர்.

இக்கணக்கு மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. கிணறுகளையும் ஊற்றுகளையும் சுற்றி ‘ஹரீம்’ எனும் பாதுகாப்பு எல்லையை ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்தனர். பழைய கிணற்றின் நீரை உறிஞ்சிவிடும் வகையில் அதன் எல்லைக்குள் புதுக்கிணறு தோண்டக் கூடாது. உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது, ஓடும் ஆற்றின் கரையில் நின்றாலும் சரியே என்பது சிறு வயதிலேயே நமக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

சாந்தா பொன்சாவில் இறங்கிய படை

1229 செப்டம்பரில் அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மேயின் கப்பல்கள் தீவின் தென்மேற்கே வந்து சேர்ந்தன. படை சாந்தா பொன்சா கடற்கரையில் இறங்கியது. மூன்று மாதங்களுக்கும் மேல் நீடித்த முற்றுகைக்குப் பின், டிசம்பர் 31 அன்று மதீனத்து மயூர்கா வீழ்ந்தது. மக்களில் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர், அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது வட ஆப்பிரிக்காவுக்குத் தப்பினர். அந்தத் துயரை இப்னு அமீரா அல்-மக்ஸூமி தனி நூலாகவே எழுதினார். தொலைந்துவிட்டதெனக் கருதப்பட்ட அந்நூலின் கையெழுத்துப் பிரதி நம் காலத்தில்தான் அல்ஜீரியாவில் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியது.

ஆயினும் வென்றவர்கள் வாய்க்கால்களைத் தூர்க்கவில்லை. நிலங்களைப் பங்கிட்டுக்கொண்டாலும், முஸ்லிம்கள் அமைத்த நீர்வழிகளைக் கொண்டே விவசாயம் செய்தனர். 2011-ல் யுனெஸ்கோ திரமுந்தானா மலைத்தொடரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, இந்தப் படிக்கட்டு வயல்களையும் நீர் அமைப்புகளையும் முதன்மையாகக் கருதியது. ஆட்சி மாறியது, மதம் மாறியது, நீர்க்கணக்கு மாறவில்லை. அது மாறியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

விமானம் வந்த பின்

மயோர்க்காவுக்குப் பயணிகளை வரவழைக்க 1905-லேயே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அன்று வந்தவர்கள் சிலரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. பிராங்கோவின் சர்வாதிகார அரசு அந்நியச் செலாவணிக்கு ஏங்கியது. 1959-ல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டு, ஸ்பானிய நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டது. 1960-ல் பால்மாவின் சோன் சான் சுவான் விமான நிலையம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. விமானச் சீட்டு, விடுதி, உணவு அனைத்தையும் ஒரே விலைக்குள் அடக்கி விற்கும் நிறுவனங்கள் பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பயணிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொணர்ந்து இறக்கின.

ஜெய்மேயின் படை இறங்கிய சாந்தா பொன்சா, கல்வியா எனும் ஊராட்சியைச் சேர்ந்தது. 1960-ல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 3,000 பேர். சில பத்தாண்டுகளில் அந்த ஊராட்சியின் விடுதிகளிலும் வாடகைக் குடியிருப்புகளிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் நிறைந்தன. மணல்மேடுகள் இருந்த இடத்தில் பல மாடி விடுதிகள் நின்றன. அதே ஊராட்சியின் மகலூஃப், மது வெறியாட்டத்திற்குப் பெயர்போன ஊரானது. போதையில் விடுதி மாடத்திலிருந்து நீச்சல் குளத்தில் குதிக்க முயன்று இளைஞர்கள் மாண்ட செய்திகள் கோடைதோறும் வந்தன.

ஒன்றை நீதியுடன் சொல்ல வேண்டும். சுற்றுலாவுக்கு முன் அத்தீவு செழித்திருக்கவில்லை. பிழைப்புத் தேடிப் பிரான்சுக்கும் கியூபாவுக்கும் போனவர்கள் பலர். சுற்றுலா அவர்களின் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஊதியம் தந்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. தீங்கு சுற்றுலாவில் இல்லை. எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை எவரும் கேளாததில் இருந்தது.

உவர்த்துப்போன கிணறுகள்

மயோர்க்காவில் மழை பெய்யாத மாதங்கள் கோடை மாதங்கள். பயணிகள் குவிவதும் அதே மாதங்களில். நீர் மிகக் குறைந்திருக்கும் வேளையில் நீர்த்தேவை உச்சம் தொடுகிறது. நீச்சல் குளங்கள், புல்வெளிகள், இருபதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள், நாள்தோறும் சலவைக்குப் போகும் விரிப்புகள் என, ஒரு பயணிக்குச் செலவாகும் நீர் உள்ளூர்வாசி ஒருவரின் தேவையைவிட மிகுந்தது.

கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் கடல்நீரின் மீது படலமாய் மிதக்கிறது. அளவுடன் இறைத்தால் மழை அதை ஈடுசெய்யும். அளவு மீறினால் கடல்நீர் உள்ளேறும், கிணறு உவர்த்துவிடும். கடலோர ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்மாவைச் சுற்றிய நிலத்தடி நீரில் உப்பேறி, குழாய்நீரே கரித்தது. 1995 முதல் 1997 வரை, ஸ்பெயினின் பெருநிலத்திலிருந்து எப்ரோ நதியின் நீரைக் கப்பலில் ஏற்றிப் பால்மாவுக்குக் கொண்டுவந்தனர். ஊற்றை அளந்து ஊரமைத்தவர்களின் மண்ணில் குடிநீர் கப்பலேறி வந்தது! பின்னர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அவை தாகத்தைத் தீர்த்தன. அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் செலவும் புதுச்சுமையாயின.

கடலுக்குள்ளும் இதே கதைதான். அங்குப் பொசிடோனியா எனும் கடற்புல் விரிந்து வளர்கிறது. அலையின் வேகத்தைத் தணிப்பதும், மணலைப் பிடித்துவைப்பதும், மீன்குஞ்சுகளை வளர்ப்பதும் அதுவே. உல்லாசப் படகுகளின் நங்கூரங்கள் அதை வேரோடு பறிக்கின்றன; கழிவுநீர் அதன்மேல் படிகிறது. எந்த மணலையும் தெளிந்த நீரையும் நாடிப் பயணி வருகிறாரோ, அதை உண்டாக்கும் புல்லை அவரது வருகையே அழிக்கிறது. இரண்டையும் விற்றுப் பிழைக்கும் ஊர் தன் முதலையே தின்கிறது.

விருந்தினருக்கு அறை, ஊராருக்குத் தெரு

2023-ல் பலேரிக் தீவுகளுக்கு வந்த பயணிகள் ஏறத்தாழ 1.78 கோடி. அங்கு வாழ்வோர் சுமார் 12 லட்சம். வீட்டைக் குடும்பத்திற்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள்கணக்கில் விடுவது இலாபமானது. வெளிநாட்டுச் செல்வர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கிக் குவித்தனர். வாடகை ஏறியது. ஆசிரியர்களும் செவிலியர்களும் விடுதிப் பணியாளர்களும் குடியிருக்க வீடின்றித் தவிக்கின்றனர். வண்டிகளிலும் கூடாரங்களிலும் தங்கி வேலைக்குச் செல்வோரும் உள்ளனர். வேலையும் ஆண்டு முழுவதும் இல்லை. குளிர்காலத்தில் கடற்கரை விடுதிகள் பல மூடப்படும்.

செல்வமாவது நிலைத்ததா? ஒரு காலத்தில் தனிநபர் வருமானத்தில் ஸ்பெயினின் முதல் வரிசையில் நின்ற தீவுகள் அவை. பயணிகள் பெருகிக்கொண்டே போக, அந்த இடமோ நழுவியது. கூட்டம் கூடுவதால் மட்டும் பரக்கத் கூடுவதில்லை.

தாமதமாக வந்த விழிப்பு

தீவு மக்கள் வாளாவிருந்தனர் என்று சொல்ல முடியாது. ஜெய்மேயின் கப்பல்கள் வந்தணைந்த கடற்பகுதியில் திராகொனேரா எனும் குட்டித்தீவு உள்ளது. அங்குச் சொகுசுக் குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்டபோது, 1977-ல் இளைஞர்கள் அத்தீவில் இறங்கிப் போராடினர். நெடிய வழக்குகளுக்குப் பின் கட்டுமானம் கைவிடப்பட்டு, 1995-ல் அது இயற்கைப் பூங்காவானது. கல்வியா ஊராட்சி 1990களில் தன் பழைய விடுதிகள் சிலவற்றை விலைக்கு வாங்கி இடித்து, கடற்கரையைத் திறந்தவெளியாக்கியது.

2002-ல் பயணிகள் மீது சுற்றுச்சூழல் வரி விதிக்கப்பட்டது. விடுதி முதலாளிகளின் கடும் எதிர்ப்பால் மறு ஆண்டே அது நீக்கப்பட்டு, 2016-ல்தான் மீண்டும் வந்தது. 2018-ல் கடற்புல்லைக் காக்கச் சட்டம் வந்தது. 2020-ல் மகலூஃப் போன்ற இடங்களில் மலிவு மது விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. 2024 மே, ஜூலை மாதங்களில் பால்மாவின் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, வருவோர் தொகைக்கு வரம்பு வேண்டும் எனக் குரலெழுப்பினர். அவர்கள் கேட்டது புதிதொன்றுமில்லை. முன்பு ஊற்றுக்கு இருந்த வரம்பை இப்போது ஊருக்குக் கேட்டனர்.

நமக்கான படிப்பினை

கடற்கரைச் சுற்றுலா என்றதும் நம்மவர்கள் பேசுவது மதுவையும் அரைகுறை ஆடையையும் பற்றித்தான். அவற்றை நாம் வெறுப்பது சரியே. ஆயின் நம் கண்டனம் அத்துடன் நின்றுவிடுகிறது. மது இல்லாத, ஹலால் உணவு தரும், பெண்களுக்குத் தனி நீச்சல் குளம் உள்ள விடுதி என்று விளம்பரம் கண்டால் மனம் அமைதியடைந்துவிடுகிறது. அந்தக் குளத்தின் நீர் யாருடைய கிணற்றிலிருந்து வந்தது? அந்த விடுதிக்காக எந்த மீனவர் குப்பம் அகற்றப்பட்டது? நம் தட்டில் உணவிடும் பணியாளர் இரவு எங்கே உறங்குகிறார்? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. மயோர்க்காவின் கிணறுகளில் உப்பேற்றியது மதுவன்று, அளவு மீறல். அளவு மீறல் ஹலால் முத்திரையுடன் வந்தாலும் இஸ்ராஃபே.

பயணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் சுற்றிப் பார்த்து, முன்னிருந்தோரின் முடிவிலிருந்து பாடம் பெறவே நாம் ஏவப்பட்டுள்ளோம். அப்படிச் செல்பவர் விருந்தினராகவே செல்கிறார். விருந்தினருக்கும் கடமை உண்டு. உபசரிப்பவரைச் சிரமத்தில் ஆழ்த்தும்வரை தங்கியிருப்பது நம் ஒழுக்கமன்று. கூட்டம் குறைந்த மாதங்களைத் தேர்வது, உள்ளூர்க் குடும்பங்களின் கடைகளில் பொருள் வாங்குவது, நீரைச் சொந்த வீட்டில்போல் எண்ணிச் செலவிடுவது ஆகியவை எவராலும் இயலும். விடுதித் தொழிலில் முதலீடு செய்யும் நம் செல்வந்தர்களின் பொறுப்பு இன்னும் பெரிது. கட்டுவதற்கு முன், அந்த மண் எத்தனை பேரைத் தாங்கும் என்று அளப்பது அவர்கள்மீது கடமை. பூமி நம் உடைமையன்று, அமானிதம்.

மயூர்காவை ஆண்டவர்களின் அரண்மனைகள் கைமாறின, பள்ளிவாசல்கள் தேவாலயங்களாயின. அவர்கள் வெட்டிய வாய்க்கால்களோ, எண்ணூறு ஆண்டுகள் கழிந்தும், அவர்களின் மார்க்கத்தை ஏற்காத மக்களின் எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நீர் பாய்ச்சின. நிலையான தர்மம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நாம் கால் வைக்கும் கடற்கரைகளில் நமக்குப் பின் எஞ்சப்போவது எது என்பதை இன்றே எண்ணிப் பார்ப்போமாக. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.