ஊர் விட்டு ஊர் வந்த கதிரும் ஒரு விஞ்ஞானியும்



இஷா தொழுதுவிட்டு கடற்கரைப் பக்கம் போனால் உள்ளங்கையை வானத்துக்கு விரித்துப் பாருங்கள். நொடிக்கு ஒன்றளவில் மியூவன் என்ற துகள் அதனூடே போய்க்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்றில் மோதும்போது உண்டாகும் துகள் அது.

1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீற்றருக்கு மேலே ஏறி இக்கதிர்களைக் கண்டறிந்தார். வருபவை பெரும்பாலும் புரோத்தன்கள் என்பது 1940களில் தெரிந்தது. 1948இல் மினசோட்டா, ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒளிப்படத் தகடுகளைப் பலூனில் அனுப்பினார்கள். தகடுகளில் தடித்த கோடுகள் விழுந்திருந்தன. காபன், ஒட்சிசன், இரும்பு போன்ற பாரமான கருக்களும் வருகின்றன!

இது ஏன் முக்கியம்? பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு இடையே மெல்லிய வாயு உண்டு. புரோத்தன் சிறியது, அதிகம் மோதாமல் நெடுந்தூரம் போகும். இரும்புக் கரு பெரியது, வழியில் மோதி உடையும் வாய்ப்பு அதிகம். காபனும் ஒட்சிசனும் உடைந்தால் இலிதியம், பெரிலியம், போரன் வரும். நட்சத்திரங்களில் இம்மூன்றும் மிக அரிது, அண்டக் கதிரிலோ தாராளம். அந்த அளவை வைத்தே கதிர் எவ்வளவு வாயுவைக் கடந்து வந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

காலத்தைச் சொல்வது பெரிலியம்-10. அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 14 இலட்சம் வருடங்கள். எவ்வளவு அழியாமல் மிஞ்சியிருக்கிறது என்று செய்மதிகள் அளந்தபோது, கதிர்கள் ஒரு கோடி வருடத்துக்கும் மேலாக அலைந்தவை என்று தெரிந்தது. பால்வீதியை நேராகக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் வருடம் போதும். காந்தப்புலங்கள்தான் கதிர்களைத் திருப்பித் திருப்பி அலைக்கழிக்கின்றன.

1948இல் ரொச்செஸ்டரில் இருந்தவர்களில் ஒருவர் பேர்னார்ட் பீட்டர்ஸ். ஹிட்லரின் டக்காவ் முகாமில் அடைபட்டு, ஜேர்மனியை விட்டுத் தப்பியவர். அமெரிக்காவிலும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் ஹோமி பாபாவின் டாட்டா ஆய்வு நிறுவனம் அவருக்கு இடம் கொடுத்தது. அங்கே பல வருடங்கள் இளைஞர்களுக்கு இவ்வேலையைப் பழக்கினார். அவரிடம் பயின்ற தேவேந்திர லால் பின்னாளில் அகமதாபாத் பௌதிக ஆய்வுகூடத்தின் பணிப்பாளரானார்.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமது ஊர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வந்து நமது பாடசாலைகளில் சேரும் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் "எந்த ஊர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். "என்ன தெரியும்?" என்றும் கேட்கப் பழகுவோம், இன்ஷா அல்லாஹ்.