கேரத் எட்வர்ட்ஸ்: கூலி இல்லாத ஆட்டம்

கேரத் எட்வர்ட்ஸ் 1967 முதல் 1978 வரை வேல்ஸ் ரக்பி அணிக்காக 53 சர்வதேச ஆட்டங்களில் ஆடியவர். அந்தப் பதினோரு ஆண்டுகளில் காயத்தாலோ ஆட்டத்தில் தொய்வாலோ ஓர் ஆட்டத்தில்கூட அவர் வெளியே உட்கார நேரவில்லை. முதல் ஆட்டத்தில் பிடித்த இடத்தைக் கடைசி ஆட்டம் வரை வேறு யாராலும் பிடிக்க முடியவில்லை. 2003-ல் 'ரக்பி வேர்ல்டு' இதழ் நடத்திய தேர்வில், எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த ரக்பி ஆட்டக்காரர் என்ற இடம் அவருக்கே கிடைத்தது. ஆடிய காலத்தில் அந்த ஆட்டத்திலிருந்து அவர் சம்பளம் வாங்கியதில்லை. ஓய்வு பெற்றபின் தன் வரலாற்றை எழுதி அதற்குப் பணம் வாங்கினார். அதற்காக ரக்பி அமைப்பு அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

சுரங்கத்து ஊர்

எட்வர்ட்ஸ் பிறந்தது 1947 ஜூலை 12 அன்று. அந்த ஆண்டின் முதல் நாளில்தான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்திருந்தன. அவர் வளர்ந்த ஊர் தெற்கு வேல்ஸின் குவைன் கை கர்வென். நிலக்கரியை நம்பி வாழ்ந்த சிற்றூர் அது. வீட்டிலும் தெருவிலும் வெல்ஷ் மொழிதான் பேச்சு. தந்தை சுரங்கத் தொழிலாளி. தெற்கு வேல்ஸின் இத்தகைய ஊர்களில் வாரம் முழுவதும் நிலத்தடியில் வேலை, ஞாயிறு என்றால் தேவாலயம், சனிக்கிழமை பிற்பகல் என்றால் ரக்பி. இங்கிலாந்தில் வசதியான பள்ளிகளின் ஆட்டமாக இருந்த ரக்பி, வேல்ஸில் தொழிலாளர்களின் ஆட்டமாக வேர்விட்டிருந்தது.

பொன்டர்டாவே தொழில்நுட்பப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த பில் சாமுவேல்தான் சிறுவனின் திறமையை முதலில் கண்டுகொண்டவர். ஓட்டம், தாண்டுதல், ஜிம்னாஸ்டிக்ஸ் என எல்லாவற்றிலும் அவனைப் பழக்கினார். ஆளின் உயரத்தைப் பார்த்து, ஸ்க்ரம் ஹாஃப் இடமே அவனுக்கு ஏற்றது என்று தீர்மானித்தவரும் அவர்தான். இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் உள்ள மில்ஃபீல்டு என்ற கட்டணப் பள்ளிக்கு அவர் விடாமல் எழுதிய கடிதங்களின் பலனாக, அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அங்கே உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1966-ல் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான தடகளப் போட்டியில் 200 கெஜத் தடை ஓட்டத்தை எட்வர்ட்ஸ் வென்றார். அன்று அவரிடம் தோற்ற ஆலன் பாஸ்கோ, பின்னாளில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஓட்டக்காரர். கால்பந்துக் கழகமான ஸ்வான்சி டவுனும் எட்வர்ட்ஸை அழைத்திருந்தது. கால்பந்தில் சம்பளம் உண்டு, ரக்பியில் இல்லை. அவர் ரக்பி பக்கம் போனார்.

ஸ்க்ரம் ஹாஃபின் வேலை

ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் கொடுக்கும்போது முன்னோக்கிக் கொடுக்கக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அது 'ட்ரை'. எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' என்ற மோதலில், பந்தை உள்ளே இடுபவரும் பின்பக்கம் வெளிவருவதை எடுப்பவரும் ஸ்க்ரம் ஹாஃப்தான். எதிரணியின் முரட்டு ஆட்கள் மேலே பாய்வதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில் அவர் முடிவெடுக்க வேண்டும். கொடுப்பதா, உதைப்பதா, தானே ஓடுவதா? இந்த மூன்றையும் சம வலிமையோடு செய்யக்கூடியவர் என்பதே எட்வர்ட்ஸின் தனித்தன்மை. மூன்றில் எது வரும் என்று எதிரணிக்குக் கடைசி நொடிவரை தெரியாது.

1967 ஏப்ரல் 1 அன்று பாரிஸில் பிரான்ஸுக்கு எதிராக அவர் முதன்முதலில் வேல்ஸுக்கு ஆடினார். அப்போது வயது 19. வேல்ஸ் அன்று தோற்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் அணித்தலைவர் ஆனபோது 20 வயதுதான் நிரம்பியிருந்தது. வேல்ஸ் அணியை வழிநடத்தியவர்களில் அவரைவிட இளையவர் அதற்கு முன் இல்லை. 2024-ல் தலைவரான டாஃபித் ஜென்கின்ஸுக்கு 21 வயது என்பதால் அந்தச் சாதனை அப்போதும் எட்வர்ட்ஸிடமே இருந்தது.

அந்தக் காலத்தில் அவரிடமிருந்து பந்தை வாங்கும் ஃப்ளை ஹாஃப் இடத்தில் இருந்தவர் பாரி ஜான். அவரும் கெவ்னைத்தின் என்ற ஊரைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளியின் மகன். இருவரும் முதலில் சேர்ந்து பயிற்சி செய்தது மழை கொட்டிய ஒரு நாளில். எட்வர்ட்ஸ் எங்கே, எப்படிப் பந்தைத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க, நீ எறி, நான் பிடித்துக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டார் பாரி ஜான். வேல்ஸுக்காக 23 ஆட்டங்களிலும், பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு அணியான லயன்ஸுக்காக 5 ஆட்டங்களிலும் அந்த ஏற்பாடு பிசகவில்லை. பந்தைச் சுழலவிட்டு நெடுந்தூரம் அனுப்பும் முறையை எட்வர்ட்ஸ் பழகிக்கொண்டார். அதனால் பாரி ஜான் ஸ்க்ரம்மிலிருந்து இன்னும் விலகி நிற்க முடிந்தது. எதிரணியினர் வந்து சேர்வதற்குள் யோசிக்க அவருக்கு அவகாசமும் கிடைத்தது.

சேற்றில் ஒன்று, புல்லில் ஒன்று

எட்வர்ட்ஸ் வேல்ஸுக்காக அடித்த ட்ரைகள் 20. அவற்றில் அதிகம் பேசப்படுவது 1972 பிப்ரவரி 5 அன்று கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அடித்தது. தன் பாதியின் ஆழத்தில் பந்தை எடுத்தவர், குறுகிய பக்கமாகக் கிளம்பினார். பிடிக்க வந்தவரைக் கையால் தள்ளிவிட்டு ஓடினார். எதிரே கடைசித் தடுப்பாளர் நின்றபோது, பந்தை அவர் தலைக்கு மேல் உதைத்துவிட்டுத் துரத்தினார். தரையில் உருண்ட பந்தை மறுபடி காலால் தட்டி முன்னே அனுப்பி, மூலையில் அதன்மேல் பாய்ந்து விழுந்தார். அந்த மைதானத்தைச் சுற்றி வேட்டைநாய்ப் பந்தயத்துக்கான மண் பாதை ஒன்று இருந்தது. விழுந்த வேகத்தில் அவர் வழுக்கிக்கொண்டு அந்தச் செம்மண் சேற்றுக்குள் போய்விட்டார். முகமெல்லாம் சேறு வழிய எழுந்து வந்த அந்தத் தோற்றம் வேல்ஸ் மக்களின் நினைவில் பதிந்துவிட்டது. வேல்ஸ் 35-12 என்ற கணக்கில் வென்றது.

வேல்ஸுக்கு வெளியே உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொரு ட்ரை. 1973 ஜனவரி 27 அன்று, அதே மைதானத்தில், நியூசிலாந்து அணி 'பார்பேரியன்ஸ்' என்ற அழைப்பு அணியை எதிர்கொண்டது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான். நியூசிலாந்தின் பிரையன் வில்லியம்ஸ் உயர உதைத்த பந்து பார்பேரியன்ஸ் கம்பங்களை நோக்கி உருண்டது. பின்னால் ஓடி அதை எடுத்த ஃபில் பென்னெட், வெளியே உதைத்துத் தப்பிக்கவில்லை. இடமும் வலமுமாகக் கால் மாற்றி, பாய்ந்து வந்தவர்களை ஒவ்வொருவராக ஏமாற்றினார். அவர் கொடுத்த பந்தை வாங்கிய ஜே.பி.ஆர். வில்லியம்ஸின் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். அப்படியும் பந்து ஜான் புல்லினுக்குப் போனது. அவரிடமிருந்து ஜான் டாஸ், டாமி டேவிட், டெரக் குவினெல் என்று கை மாறியது. குவினெல் இடது ஓரத்தில் இருந்த ஜான் பெவனுக்குக் கொடுக்க நினைத்த பந்தை, பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்த எட்வர்ட்ஸ் நடுவில் புகுந்து வாங்கினார். துரத்தியவர்கள் நெருங்க நெருங்க, இடது மூலையில் தாவி விழுந்து பந்தை அழுத்தினார். பந்தைத் தொட்ட எழுவரில் புல்லினைத் தவிர மற்ற அறுவரும் வேல்ஸ்காரர்கள். அன்று தொலைக்காட்சியில் வர்ணனை செய்த கிளிஃப் மார்கனும் வேல்ஸின் முன்னாள் ஆட்டக்காரர்தான். நோயுற்ற வர்ணனையாளர் பில் மெக்லாரனுக்குப் பதிலாக வந்திருந்தார். பார்பேரியன்ஸ் 23-11 என்று வென்றது.

வெற்றிகளும் ஒரு கேள்வியும்

எட்வர்ட்ஸின் வேல்ஸ் அணி வெறும் அழகுக்காக ஆடிய அணி அல்ல. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ் ஆகியவை ஆண்டுதோறும் மோதிய ஐந்து நாடுகள் போட்டியில், மற்ற நான்கு அணிகளையும் வீழ்த்துவதற்கு 'கிராண்ட் ஸ்லாம்' என்று பெயர். எட்வர்ட்ஸ் காலத்தில் வேல்ஸ் 1971, 1976, 1978 என மூன்று முறை அதைப் பெற்றது. 1972-ல் ஆடிய மூன்று ஆட்டங்களையும் வென்றும் அது கிட்டவில்லை. அயர்லாந்தில் நிலவிய கலவரச் சூழலால் வேல்ஸ் அணி அந்த ஆண்டு டப்ளினுக்குப் போகவில்லை.

பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த ஆட்டக்காரர்களைச் சேர்த்து அனுப்பும் லயன்ஸ் அணியில் அவர் 1968, 1971, 1974 ஆகிய மூன்று பயணங்களில் இடம்பெற்றார். 1971-ல் கார்வின் ஜேம்ஸ் பயிற்சியில், ஜான் டாஸ் தலைமையில் நியூசிலாந்து சென்ற அணி டெஸ்ட் தொடரை 2-1 என்று வென்றது. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் பெற்ற ஒரே தொடர் வெற்றி அதுதான்.

1974 பயணம் தென்னாப்பிரிக்காவுக்கு. நிறவெறிச் சட்டங்கள் அங்கே உச்சத்தில் இருந்த காலம். போக வேண்டாம் என்று பிரிட்டிஷ் அரசே சொன்னது. வேல்ஸ் அணியில் எட்வர்ட்ஸுடன் ஆடிய ஜான் டெய்லர், கொள்கை காரணமாக அந்த நாட்டுக்கு எதிராக ஆட மறுத்தவர். எட்வர்ட்ஸ் போனார். வில்லி ஜான் மெக்பிரைட் தலைமையில் லயன்ஸ் 22 ஆட்டங்களில் 21-ஐ வென்று, ஒன்றைச் சமன் செய்து, தோல்வியே இல்லாமல் திரும்பியது. ஆட்டக் கணக்கில் அது பெரும் சாதனை. வெள்ளையர் ஆட்சிக்கு அந்தப் பயணம் அளித்த ஆறுதல் பற்றிய விமர்சனமும் அதன் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

கூலியும் விதியும்

1895-ல் இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக் கழகங்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விடும் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தர வேண்டும் என்று கேட்டன. ஆட்டத்தை நிர்வகித்த யூனியன் மறுத்தது. கழகங்கள் பிரிந்துபோய்த் தனி அமைப்பு கண்டன. அதுவே பிற்பாடு ரக்பி லீக் ஆனது. அதன்பின் ரக்பி யூனியனில் பணம் என்பது தீட்டானது. லீக் பக்கம் போன வேல்ஸ் ஆட்டக்காரர்கள் பழைய கழகத்தின் படியேறவும் தகுதியற்றவர்களாக நடத்தப்பட்டார்கள். எட்வர்ட்ஸ் அணிக்கு வந்த 1967-லேயே, வேல்ஸ் அணியின் தலைவராக இருந்த டேவிட் வாட்கின்ஸ் சால்ஃபோர்டு லீக் கழகத்துக்குப் போய்விட்டார்.

எட்வர்ட்ஸ் போகவில்லை. ஒரு பொறியியல் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஆடினார். லயன்ஸ் பயணம் என்றால் மாதக்கணக்கில் வீட்டையும் வேலையையும் விட்டுப் போக வேண்டும். கைச்செலவுக்கு ஏதோ சிறு தொகை கிடைக்கும். 1977-ல் நியூசிலாந்து சென்ற லயன்ஸ் அணியில் அவர் இல்லை. மைதானங்கள் நிரம்பின, தொலைக்காட்சி ஒளிபரப்பியது, வருமானம் வந்தது. ஆடுபவர்களுக்கு மட்டும் அதில் பங்கில்லை. புகழின் சுமையை மட்டும் அவர்களே சுமந்தார்கள். ஒரு வங்கிக் கிளைத் திறப்பு விழாவில் ஒரு பெண், அரச குடும்பத்தவருக்குச் செய்வதுபோல் முழங்கால் மடக்கி வணங்கியதைக் கண்டு அதிர்ந்த பாரி ஜான், 1972-ல் 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டு விலகினார்.

எட்வர்ட்ஸின் கடைசி சர்வதேச ஆட்டம் 1978 மார்ச் 18 அன்று கார்டிஃபில், பிரான்ஸுக்கு எதிராக நடந்தது. வேல்ஸ் 16-7 என்று வென்று கிராண்ட் ஸ்லாமை முடித்தது. அதில் 3 புள்ளிகள் எட்வர்ட்ஸ் காலால் அடித்த 'டிராப் கோல்'. அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. எழுதியதற்கான பணத்தை அவர் தாமே வைத்துக்கொண்டார். ரக்பியின் பெயரால் பணம் பெற்றவர் தொழில்முறை ஆட்டக்காரர் என்பது விதி. அதன்படி, ரக்பி யூனியனில் பயிற்சி அளிப்பதோ நிர்வாகத்தில் இருப்பதோ அவருக்கு மறுக்கப்பட்டது. பாரி ஜானுக்கும் ஃபில் பென்னெட்டுக்கும் இதே நிலைதான். ஒரு தலைமுறையின் மிகச் சிறந்த அறிவு, அடுத்த தலைமுறையின் பயிற்சித் திடலுக்கு வராமல் போனது.

மைதானத்துக்கு வெளியே

பிபிசியின் 'எ குவெஸ்சன் ஆஃப் ஸ்போர்ட்' வினாடி வினா நிகழ்ச்சியில் 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஓர் அணிக்குத் தலைவராக இருந்தார் எட்வர்ட்ஸ். ஆங்கிலத்திலும் தாய்மொழியான வெல்ஷிலும் ரக்பி வர்ணனை செய்தார். கார்டிஃபின் செயின்ட் டேவிட்ஸ் வணிக வளாகத்தில், பந்தை எறியும் கோலத்தில் அவருக்கு வெண்கலச் சிலை உயிரோடு இருக்கும்போதே எழுந்தது.

தூண்டில் போடுவது அவருக்குச் சிறுவயதிலிருந்தே பிடித்த பொழுதுபோக்கு. 1990-ல் லான்டெக்வெத் நீர்த்தேக்கத்தில் 45 ராத்தல் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 20.6 கிலோ எடையுள்ள 'பைக்' மீனைப் பிடித்தார். பிரிட்டனில் அதுவரை பிடிபட்ட பைக் மீன்களில் அதுவே பெரியது என்ற சாதனை, 1992-ல் அதே நீர்த்தேக்கத்தில் இன்னொருவர் பிடித்த மீனால் முறிந்தது.

ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில் தன் நூறாண்டு விதியைக் கைவிட்டது. அன்றுமுதல் ஆடுபவர்கள் வெளிப்படையாகச் சம்பளம் பெறலானார்கள். தன் பழைய கழகமான கார்டிஃபின் நிர்வாகக் குழுவில் எட்வர்ட்ஸும் பின்னர் இடம்பெற்றார். 1975-ல் எம்.பி.இ., 2007-ல் சி.பி.இ. பட்டங்களைப் பெற்ற அவருக்கு, 2015-ல் 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. விதி மாறியபோது அவர் ஓய்வு பெற்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேல்ஸுக்காக ஆடிய 53 ஆட்டங்களில் ஒன்றுக்கும் அவர் கூலி வாங்கவில்லை.